மங்கு படர்ந்த முகமும் மருந்துக்கடை டியூபும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் பக்கம் போனால் செய்யாற்றங்கரையில் மாகறல் வரும். சம்பந்தர் பாடிய சிவன் கோயில் உள்ள ஊர். சுற்றிலும் நெல் வயல். நடவுக்கும் களையெடுப்புக்கும் சேற்றில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வயலில் வேலை இல்லாத நாளில் நூறு நாள் வேலைக்குப் போவார்கள். இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாந்தி நின்று சோறு இறங்க ஆரம்பித்திருக்கும், வயிறும் மேடிட்டிருக்கும். அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா கேட்பார்: "இன்னாடி, மூஞ்சி இப்படிக் கறுத்துப் போச்சு?"

கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கன்னத்து மேட்டிலும் நெற்றியிலும் மேலுதட்டுக்கு மேலேயும் பழுப்பு படர்ந்திருக்கும். ஓரங்கள் ஒழுங்கற்று, வரைபடத்தில் தீவுகள் கிடப்பதுபோல் தெரியும். இதுதான் மங்கு. முகத்தில் மட்டும் நடக்கிற காரியமல்ல இது. தொப்புளிலிருந்து கீழே ஒரு கருங்கோடு இறங்கும். மார்புக் காம்பைச் சுற்றிய வட்டம் கறுத்து அகலும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாமே கொஞ்சம் கறுக்கும். கருவுற்ற பெண்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு உடம்பில் ஏதாவது ஓரிடத்தில் இந்த மாற்றம் வருகிறது. அதனால் இதை நோய் என்று சொல்வதற்கில்லை. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பெருகுகின்றன. மெலனோசைட்டுகள் எனப்படும் நிறமிச் செல்களைத் தூண்டுகிற ஹார்மோனும் கூடவே கூடுகிறது. தூண்டப்பட்ட செல்கள் மெலனினை அதிகமாக உற்பத்தி செய்து மேல்தோலுக்கு அனுப்புகின்றன. வெயில் அந்த வேலையை முடுக்கிவிடுகிறது. புறஊதாக் கதிர் மட்டுமன்றி, நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும். பகலெல்லாம் வெட்டவெளியில் நிற்பவளுக்கு மங்கு அடர்த்தியாகத் தெரிவது இதனால்தான்.

இந்த நிறமியைப் பற்றி வீட்டில் யாரும் சொல்லித்தராத ஒரு சேதி உண்டு. சுகாதாரச் செவிலியர் கர்ப்பம் பதிவானதும் கையில் கொடுக்கிற முதல் மாத்திரைகளில் ஒன்று ஃபோலிக் அமிலம். கருவின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு ஃபோலேட் தேவை; ஃபோலிக் அமிலம் அதன் மாத்திரை வடிவம். அந்த ஃபோலேட்டைப் புறஊதாக் கதிர் சிதைக்கக்கூடியது. அமெரிக்க மானிடவியலாளர் நினா ஜப்லான்ஸ்கியும் ஜார்ஜ் சாப்ளினும் 2000இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். வெயில் சுட்டெரிக்கிற நாடுகளில் மனிதத் தோல் கறுப்பாக நிலைத்ததற்குப் பெரிய காரணம், இரத்தத்தில் ஓடும் ஃபோலேட்டை மெலனின் காத்ததுதான் என்றார்கள். தோல் நிறம் அட்சரேகையோடு எப்படி ஒத்துப்போகிறது என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். விவாதம் இன்னும் நடக்கிறது, ஆனால் அந்தக் கருத்து எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கறுப்பைக் கழுவித் தள்ள வேண்டிய அழுக்கு என்று நம் வீடுகளில் பேசுகிறோம். அதே கறுப்பு, தலைமுறை தலைமுறையாக இந்த வெயிலில் பிள்ளைகள் முழுசாகப் பிறக்கத் துணை நின்றிருக்கக்கூடும்.

குங்குமப்பூப் பாலைக் குடித்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்கிற நம்பிக்கையும் இதே கதைதான். குழந்தையின் நிறத்தைத் தாய் தந்தையின் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. குடித்த பாலின் நிறம் அங்கே போய்ச் சேர வழியில்லை. பால் நல்லது, குடிக்கட்டும். குங்குமப்பூவுக்குச் செலவழிக்கிற காசில் ஒரு வாரத்துக்கு முட்டை வாங்கலாம்.

மங்கைப் பார்த்ததும் ஒரு டியூப் வாங்கி வரும் வழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. மருந்துச் சீட்டு கேட்காத கடை, சின்ன டியூப், கைக்கு எட்டுகிற விலை. நாத்தனார் பூசி ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனதாகச் சொல்லியிருப்பார். பொய்யில்லை, ஆகியிருக்கும். அந்த டியூபைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும்: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மோமெட்டசோன். இந்தக் கூட்டுக்கு மூலம் பிலடெல்ஃபியா தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1975இல் வெளியிட்ட சூத்திரம். சிறைக் கைதிகள் மீது தோல் சோதனைகள் நடத்தியதற்காகப் பின்னாளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டவர் அவர். மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் மட்டும் மங்குக்குப் பூச வேண்டிய மருந்து இது. நம் ஊரில் அது முகப்பவுடர் போல ஆகிவிட்டது.

மூன்றையும் தனித்தனியே பார்ப்போம். ஹைட்ரோகுயினோன் மெலனின் உற்பத்தியை அடக்கும். மூலக்கூறு எடை 110 டால்டன். தோலைத் தாண்டி உள்ளே போவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 500 டால்டன் என்பதால், இது சுலபமாக நுழைந்துவிடும். பூசியதில் 35 முதல் 45 சதவீதம் வரை உடம்புக்குள் போகிறது. மனிதக் கருவுக்கு இது தீங்கு செய்ததாக நிரூபணம் இல்லை. ஆனால் இவ்வளவு உள்ளே போகிற ஒன்றை, மங்கு என்கிற தீங்கில்லாத மாற்றத்துக்காகக் கர்ப்பத்தில் பூசத் தேவையே இல்லை. ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ குடும்பம். அந்தக் குடும்பத்தில் மாத்திரையாக விழுங்கும் ஐசோட்ரெட்டினாயினுக்குப் பயங்கரமான வரலாறு உண்டு. கடும் முகப்பருவுக்காக 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே காது, முகம், இதயம், மூளை ஆகியவற்றில் குறைபாடுகளோடு குழந்தைகள் பிறந்தன. இன்று அந்த மாத்திரையை நிறுத்தி ஒரு மாதம் கழிந்த பிறகுதான் கருத்தரிக்கலாம். சொரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டின் என்றால் மூன்று ஆண்டுகள். பூசுகிற ட்ரெட்டினாயின் இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. 1993இல் வெளியான ஓர் ஆய்வு, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் அதைப் பூசிய 215 பெண்களைப் பின்தொடர்ந்தது. பிறவிக் குறைபாடுகள் அதிகமாகவில்லை. ஆகவே கர்ப்பம் என்று தெரியாமல் சில நாள் பூசிவிட்டவள் கலங்கிப்போய்க் கருவைக் கலைக்க ஓட வேண்டியதில்லை. அன்றோடு நிறுத்திவிட்டு, அடுத்த பரிசோதனையில் மருத்துவரிடம் சொன்னால் போதும். தொடர்ந்து பூசுவதற்கு மட்டும் இது அனுமதியில்லை.

மூன்றாவதான மோமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. ஒரே வாரத்தில் முகம் பளிச்சிட்டதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவந்து, பருக்கள் வெடிக்கும். நிறுத்தினால் எரியும், எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே பூசத் தோன்றும். 2011இல் இந்தியாவின் 12 மையங்களிலிருந்து வெளியான ஆய்வில், முகத்தோல் சிக்கலோடு வந்த 2926 பேரைக் கேட்டபோது 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவரே அல்ல. தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருந்துச் சீட்டு கட்டாயமான பட்டியலில் சேர்த்தது. அட்டையின் இடது ஓரத்தில் நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது மருந்துச் சீட்டு கட்டாயமான மருந்து. படிக்கத் தெரியாத பாட்டிகூட அந்தக் கோட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

கர்ப்பத்தில் ஸ்டீராய்டுப் பூச்சே கூடாதா என்றால் அப்படியில்லை. கரப்பான் வந்து அரிக்கிறவளுக்கு, மென்மையான வகையைக் கொஞ்ச நாள் தருவார்கள். அதில் கருவுக்கு ஆபத்து காணப்படவில்லை. வீரியமானதை, கர்ப்பகாலம் முழுவதிலும் 300 கிராமுக்கு மேல் பூசியவர்களிடம் பிள்ளையின் எடை குறைவதற்கான அடையாளங்கள் தெரிந்தன. எந்த இடத்தில் பூசுகிறோம் என்பதும் கணக்கில் வரும். 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் இருவரும் ஹைட்ரோகார்டிசோனை உடம்பின் பல இடங்களில் தடவி, உள்ளே போனதை அளந்தார்கள். முன்கையில் போனதைப் போல நெற்றியில் 6 மடங்கும் தாடையோரத்தில் 13 மடங்கும் போனது. உள்ளங்காலில் ஏழில் ஒரு பங்குதான். முகம் என்பது உடம்பின் மெல்லிய வாசல்களில் ஒன்று. நம் பெண்கள் கிரீம் பூசுவது அங்கேதான்.

அந்த டியூபிலாவது பின்பக்கம் படிக்க எழுத்து இருக்கிறது. எழுத்தே இல்லாத டப்பாக்கள்தான் எனக்கு அதைவிடப் பயம் தருகின்றன. அழகு நிலையத்தில் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்துத் தருவது, உறவுக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது, இணையத்தில் வாங்குவது என்று பல வழிகளில் அவை வீட்டுக்குள் வருகின்றன. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக வடிகட்டி நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு, அபூர்வமாகவே காணப்படுகிற நெல்-1 என்கிற புரதத்தோடு தொடர்புள்ள வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். குற்றவாளி பாதரசம். சென்னையில் சிறுநீரகத் திசுக்களை ஆராயும் நிபுணர்கள் 2022இலேயே இதே வகை நோயைப் பாரம்பரிய மருந்து சாப்பிட்ட சிலரிடம் கண்டு எழுதியிருந்தார்கள். மகாராஷ்டிரத்தின் அகோலாவில் ஒரே கிரீமைப் பகிர்ந்து பூசிய ஒரு வீட்டுப் பெண்கள் மூவருக்குச் சிறுநீரகம் பழுதானது.

மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் நொதி செம்பு அணுக்களின் உதவியோடு வேலை செய்கிறது. பாதரசம் அந்த இடத்தைப் பிடித்து நொதியை முடக்கிவிடும், தோல் வெளுக்கும். தோல் வழியாகவும் ஆவியாக மூக்கு வழியாகவும் உள்ளே போகிற பாதரசம் சிறுநீரகத்தில் தங்கும், நஞ்சுக்கொடியிலும் சேரும். பூசாத குழந்தைக்கும் துண்டு, தலையணை வழியாக அது வந்து சேர்வதுண்டு. இந்தியாவில் அழகுப் பொருளில் தற்செயலாகக் கலக்கும் பாதரசத்துக்கான வரம்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கள்ளச் சந்தைக் கிரீம்கள் சிலவற்றில் அந்த வரம்பைப் போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் இருந்திருக்கிறது. பாதரசம் தொடர்பான மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023இல் ஜெனீவாவில் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பதென்று முடிவெடுத்தன. முடிவு ஜெனீவாவில் எடுக்கப்பட்டது. டப்பா இன்னும் சந்தையில் இருக்கிறது.

கர்ப்பிணிக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. பாதரசத்தால் சிறுநீரகம் கெட்டால் கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும், சிறுநீரில் புரதம் போகும். கர்ப்பகால இரத்த அழுத்த நோயிலும் கால் வீங்கும், புரதம் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைச் சோதித்து "ஆல்புமின் இருக்குதும்மா" என்று சொல்லும்போது, செவிலியரின் மனம் இயல்பாக இரத்த அழுத்தத்தின் பக்கம்தான் போகும், போகவும் வேண்டும். அந்த நேரத்தில் "நர்சம்மா, நான் ஒரு கிரீம் போட்டுக்கினு இருந்தேன்" என்று அவள் சொல்லிவிட்டால் மருத்துவர் இன்னொரு வழியிலும் தேடுவார். வெட்கப்பட்டு மறைத்தால் தேடமாட்டார்.

பாதரசக் கிரீமை வீட்டிலேயே ஓரளவு சந்தேகிக்க முடியும். தயாரித்தவர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் எதுவும் இருக்காது. சில பெட்டிகளில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: தங்கம், வெள்ளி, அலுமினியம், நகை மீது படக்கூடாது. பாதரசம் தங்கத்தோடு கலந்து வெளுத்துவிடும் என்பதுதான் அதற்குப் பின்னால் உள்ள வேதியியல். தாலிச் சரட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசச் சொல்கிற கிரீமைக் கன்னத்தில் தேய்க்க எந்த நியாயமும் கிடையாது.

இனி மஞ்சளுக்கு வருவோம். வளைகாப்பில் கன்னத்திலும் கையிலும் சந்தனமும் மஞ்சளும் பூசாத வீடு எது? நல்ல மஞ்சளைப் பூசுவதில் கர்ப்பத்துக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. எது நல்ல மஞ்சள் என்பதுதான் கேள்வி. வங்கதேசக் கிராமங்களில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் தேடிப் போனபோது, பழுப்பேறிய மஞ்சள் கிழங்கைப் பளபளக்க வைக்க ஈயக் குரோமேட் என்கிற சாயத்தைத் தேய்க்கிறார்கள் என்று தெரியவந்தது. 2019இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. அரசு அதிரடியாக இறங்கி அபராதம் போட்டது, ஆலைகளைச் சோதித்தது. 2021இல் அது பூஜ்யமாகிவிட்டது. மனது வைத்தால் இரண்டே ஆண்டில் முடிகிற காரியம் என்பதை அந்த நாடு காட்டியிருக்கிறது. குங்குமத்திலும் இதே ஆபத்து உண்டு. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவந்த குங்குமம் வேறு, ஈயச் செந்தூரம் கலந்த மலிவுப் பொடி வேறு. கண்மையில் ஈய சல்ஃபைடு இருந்தால் அது கண்ணைத் தேய்த்த விரலோடு வாய்க்குப் போகும்.

ஈயம் நஞ்சுக்கொடியைத் தாராளமாகக் கடக்கும், பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தாயின் எலும்பில் ஆண்டுக்கணக்காகப் பதுங்கியிருக்கும் பழைய ஈயமும், கர்ப்பத்தில் பிள்ளைக்காக எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது கூடவே இறங்கும். செவிலியர் கொடுக்கிற சுண்ணாம்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அந்தக் கரைதல் குறையும். சாப்பிடப் பிடிக்காமல் அலமாரியில் போட்டுவைக்கிற பெண்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும். மஞ்சளை விரலியாக வாங்கி, கழுவி, கல்லில் உரைத்துக்கொள்வது பாக்கெட் பொடியைவிட நல்லது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக மினுக்கும் கிழங்கைத் தள்ளிவைக்கலாம்.

மருதாணி இலையை அரைத்து வைப்பதில் தவறில்லை. அரை மணியில் கரேலென்று பிடிக்கிற 'கறுப்பு மருதாணி' கோனில் தலைமுடிச் சாயத்தின் வேதிப்பொருள் இருக்கும். அது தோலைப் புண்ணாக்கும், சிலருக்கு வாழ்நாள் ஒவ்வாமையைக் கொடுக்கும்.

இடுப்புவலிக்குத் தேய்க்கும் தைலத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, அதை மருந்தாகவே நினைப்பதில்லை. பல தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, ஆஸ்பிரினின் உறவு. என்றைக்காவது ஒருநாள் கொஞ்சம் தடவினால் பரவாயில்லை. முதுகு முழுக்கத் தினமும் தேய்ப்பது வேண்டாம். டைக்ளோஃபினாக் ஜெல்லில் இன்னும் கவனம் வேண்டும். அந்த வகை மாத்திரைகள் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம், கடைசி மாதங்களில் பிள்ளையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய இரத்தக் குழாயை மூடச் செய்யலாம். பூசும் ஜெல்லையும் அதனால்தான் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்கிறார்கள். வெந்நீர் ஒத்தடத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

வயிற்றுத் தோல் விரியும்போது அரிப்பது இயல்பு. தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்கும். கோடு விழாமல் தடுக்க எந்த எண்ணெயாலும் கிரீமாலும் முடியாது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் சரி. ஆனால் ஓர் அரிப்பை மட்டும் எண்ணெயோடு விட்டுவிடக் கூடாது. ஏழாம் மாதத்துக்கு மேல், தடிப்போ புள்ளியோ இல்லாமல், உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் தூங்கவிடாமல் அரித்தால், அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். இரத்தத்தில் பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டினால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து ஏறுகிறது. அன்றிரவே இல்லாவிட்டாலும் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். "புள்ளைத்தாச்சின்னா அரிக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் யாராவது சொன்னாலும் போக வேண்டும்.

அப்படியானால் என்னதான் பூசுவது? மங்குக்கு முதல் மருந்து நிழல். நடவுக்குப் போகும்போது முக்காட்டை நெற்றிக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டாலே பாதி வேலை ஆகிவிடும். வாங்க முடிந்தவர்கள் துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு உள்ள வெயில் பூச்சை வாங்கலாம். அவை தோலின் மேலேயே நின்றுவிடும். இரும்பு ஆக்சைடு சேர்த்துத் தோல் நிறத்தில் வருவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுக்கும். முகப்பரு வந்தால் பென்சாயில் பெராக்சைடு, அசெலாயிக் அமிலம் இரண்டையும் மருத்துவர்கள் கர்ப்பத்தில் தயங்காமல் தருகிறார்கள், இரண்டுமே மிகக் கொஞ்சம்தான் உள்ளே போகும். அசெலாயிக் அமிலம் மங்கையும் கொஞ்சம் குறைக்கும். தோல் காய்ந்தால் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின். வாசனை சேர்க்காத எந்தச் சாதாரணச் சோப்பும் போதும். இதற்கு மேல் ஒரு கர்ப்பிணியின் தோல் எதையும் கேட்பதில்லை.

பிள்ளை பிறந்து சில மாதங்களில் மங்கு பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே மங்கிவிடும். பால் கொடுக்கிற காலத்தில் மார்பில் எதையும் பூச வேண்டாம். காம்பு வெடித்தால் தாய்ப்பாலையே தடவிக் காயவிடலாம். கன்னத்தில் பூசியதைக் குழந்தை நக்கும், தொட்ட விரலைச் சூப்பும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பால் மறந்த பிறகும் மங்கு விடவில்லை என்றால் காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனைக்கோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்கோ போகலாம். போகும்போது இதுவரை பூசிய டியூப், டப்பா அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும், பெயர் இல்லாததையும் சேர்த்து.